கிந்தா மலைகளை வரைந்தவர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவை விட்டுத் தெற்கே கோப்பேங் சாலையில் வந்தால், வீடுகளுக்கும் கடைகளுக்கும் பின்னால் திடீர் திடீரென்று மலைகள் எழுந்து நிற்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலை போலச் சரிந்து ஏறுகிற மலைகள் அல்ல இவை. தரை சமமாக இருக்கும். அடுத்த அடியில் செங்குத்தாகப் பாறை. உச்சியில் காடு, இடுப்பில் வெள்ளையும் துருநிறமுமாக வழியும் கோடுகள், அடியில் குகை. சுண்ணாம்புப் பாறை மழைநீரில் கரைந்து கரைந்து எடுத்த உருவம் அது. குனோங் ராபாட் அப்படிப்பட்ட ஒரு மலை. அதன் காலடியில் வளர்ந்த ஊருக்கும் அதே பெயர்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது எள்ளும் சீனியும் தீயில் வாடும் மணம். ஹியோங் பெங் என்ற சீன பிஸ்கட்டுக்குப் பேர்போன இடம் இது. பழைய முறையில் சுடும் கடையில், தேங்காய் மட்டை எரியும் மண் அடுப்பின் உட்சுவரில் மாவு வட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் மலையையே குடைந்தாற்போல் கெக் லோக் தோங், சாம் போ தோங் என்று சீனக் குகைக் கோயில்கள். இந்த ஊரின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு.

நான் போனது ஓவியம் தேடி. மலாயாவின் நவீன ஓவிய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாடு தன் முகத்தைத் தானே வரையத் தொடங்கியது. அந்த நாட்டின் ரப்பர் பாலில் பெரும்பங்கைக் கறந்து கொடுத்தவர்கள் தமிழர்கள். அந்தப் படங்களில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? யார் கை அவர்களை வரைந்தது?

எனக்கு இடம் கொடுத்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நண்பர் ஒருவரின் அண்ணன். தோட்டத்தில் பிறந்தவர். அவர் மனைவி பதினைந்து வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். "மொதல்ல பசியாறுங்க, அப்புறம் படம் பாக்கலாம்" என்று நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார் அந்த அக்கா.

முதலில் அழைத்துப் போனது தம்புனுக்கு. குனோங் ராபாட்டிலிருந்து பக்கம்தான். குனோங் பாஞ்சாங் மலையின் முகத்தில், படிக்கட்டு ஏறிப் போனால், வெளியே துருத்திய பாறைக்கூரையின் கீழ் செங்காவி நிறத்தில் உருவங்கள். மான், தப்பீர், மனிதர்கள், ஆவுளியா என்று ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு கடல் விலங்கு. கைக்கு எட்டாத உயரத்தில், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் அளவுக்கு மேலே. 600க்கும் மேற்பட்ட உருவங்களை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். கற்காலத்தவை.

இவற்றை வெளியுலகுக்குச் சொன்னவர் ராலிங்ஸ் என்ற படை அதிகாரி. கூர்க்கா ரைபிள்ஸ் பிரிவைச் சேர்ந்தவர். ஆண்டு 1959. அவசரகாலம் இன்னும் முடியவில்லை. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களைத் தேடிப் படைகள் இந்தக் காடுகளில் அலைந்த காலம். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1958 ஆகஸ்டில், கோலாலம்பூர் அம்பாங் சாலையில் ஒரு வீட்டில் தேசியக் கலைக்கூடத்தைப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் திறந்து வைத்தார். கையிருப்பில் நன்கொடையாக வந்த நான்கே படங்கள். நாடு தனக்கென்று ஓர் ஓவியக் கூடம் கட்டிக்கொண்ட மறு ஆண்டே அதன் மிகப் பழைய ஓவியங்களில் சில காட்டுக்குள்ளிருந்து வெளிவந்தன. இது தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பாறைக்குக் கீழே நிற்கும்போது மனம் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

போருக்குப் பிந்தைய அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எவ்வளவு வேகமாக நகர்ந்தன! 1938ல் லிம் ஹாக் தாய் சிங்கப்பூரில் தொடங்கிய நன்யாங் கலைக்கழகம் போர் ஓய்ந்ததும் மீண்டும் உயிர் பெற்றது. 1952ல் லியூ காங், சியோங் சூ பியெங், சென் சோங் ஸ்வீ, சென் வென் ஷி என்ற நால்வர் பாலித் தீவுக்குப் போய் வந்தார்கள். சீனத் தூரிகையும் பாரீஸ் நிறமும் இந்த வெயிலுக்கும் இந்தத் தோலுக்கும் எப்படி ஒத்துவரும் என்று தேடிய பயணம் அது. கோலாலம்பூரில் பீட்டர் ஹாரிஸ் என்ற ஆங்கிலேய ஓவிய ஆசிரியர் புதன்கிழமை தோறும் ஆர்வமுள்ளவர்களைக் கூட்டி வரையவைத்தார். அதிலிருந்து எழுந்ததுதான் புதன் ஓவியக் குழு. மேலைப் பாடத்தை மனப்பாடம் செய்யாதே, உன் கண்ணால் பார் என்பது அவர் வழி. அந்தக் குழுவின் பேட்ரிக் இங் 1958ல் வரைந்த "மண், நீர், காற்றின் ஆவி" படத்தில் மனிதர்கள் செடிகொடியோடு செடிகொடியாகப் பின்னிக் கிடக்கிறார்கள். ஹுசேன் எனாஸ் 1956ல் மலாய் ஓவியர்களை ஒன்றுதிரட்டினார். பினாங்கின் அப்துல்லா ஆரிப் 1960ல் ஓர் ஈயச் சுரங்கத்தை நீர்வண்ணத்தில் வரைந்து "இன்பபூமி" என்ற பொருள்படப் பெயர் வைத்தார். புதிதாக விடுதலை பெற்ற நாடு, தோண்டிய மண்ணையும் பெருமிதத்தோடு பார்த்த காலம் அது. ஈயம் என்றால் ஈப்போவைச் சூழ்ந்த இந்தக் கிந்தா பள்ளத்தாக்கு. அந்தப் படத்தின் முன் நிற்கிற பேராக்காரர் யாரும் அதைத் தன் ஊர்ப்படம் என்றே நினைப்பார்.

புதன் குழுவில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது: கிரேஸ் செல்வநாயகம். பாத்திக் ஓவியத்தில் தொடங்கி, சொங்கெட் நெசவை ஆராய்ந்து 1990ல் அவர் எழுதிய நூல் இன்றும் அத்துறையில் முக்கியமானது. இந்தப் பெயர் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது. அதே சமயம், குழு கூடியது கோலாலம்பூரில், பேச்சு ஆங்கிலத்தில் என்பதையும் மறக்க முடியவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடான தோட்டத்து லயத்திலிருந்து அந்த வகுப்புக்கு வழியே இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட முதலாளி ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஒரே கொட்டகை, பல இடங்களில் கங்காணியோ, கிராணி எனப்படும் எழுத்தரோதான் வாத்தியார். தொடக்கப்பள்ளி முடிந்ததும் பிள்ளை உளியோடு மரத்தடிக்குப் போய்விடும். கிரேயானும் வண்ணப்பெட்டியும் எந்தத் தோட்டத்து ஸ்டோரிலும் இல்லை.

வண்ணம் வரவில்லை, செய்தித்தாள் வந்தது. இதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் உறைத்த விஷயம். கோலாலம்பூரில் அந்த ஓவியக் குழு உருவான காலத்தையொட்டி, 1950ல், தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் "கதை வகுப்பு" நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று செய்தித்தாள் வழியாகவே பாடம். படித்தவர்கள் எழுதி அனுப்பினார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் ஒரு தலைமுறை அங்கே கை பழகியது. வேண்டியதெல்லாம் ஒரு பென்சில், ஒரு தாள், தபால்தலை. மூன்றும் லயத்தில் கிடைத்தன. ஆகவே தோட்டத் தமிழரின் நவீன கலை எழுத்தாக வந்தது; ஓவியமாக வரவில்லை. திறமையைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. கருவி எதுவரை போய்ச் சேர்ந்ததோ அதுவரைதான் கலை முளைத்தது.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சயாம் ரயிலுக்கும் அதேதான் சார்" என்றார்.

அவருடைய பெரியப்பா அந்த ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர். 1942, 43ல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலரா, மலேரியா, பட்டினி. பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆனால் அவர்களுக்குள் ஓவியர்கள் இருந்தார்கள். ரொனால்ட் சேர்ல் என்ற ஆங்கிலேய இளைஞர் கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரைந்து, காவலாளி நெருங்கப் பயப்படும் இடமாகப் பார்த்து, காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். சுமார் 300 படங்கள் இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்னொரு கைதியான ஜாக் சாக்கர் வரைந்தவற்றில் பல ஆஸ்திரேலியாவில் இருக்கின்றன. உலகம் அந்த ரயிலை அவர்கள் கண்ணால்தான் பார்க்கிறது. நம்மவரிடமிருந்து வந்தவை நாவல்கள்: ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்". பல பத்தாண்டு கழித்து, உயிர் பிழைத்தவர்கள் சொல்லக் கேட்டு வந்த எழுத்து. அங்கே கண்டதை அங்கேயே வரைந்த ஒரு தமிழ்க் கை எனக்குத் தெரிந்து இல்லை. பெரியப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியருக்குத் தெரியாது. புகைப்படமும் கிடையாது.

மாலையில் புந்தோங் போனோம். ஈப்போவில் தமிழர் அடர்ந்து வாழும் பகுதி. காச்சாங் பூத்தே எனப்படும் கடலை, முறுக்கு, காராபூந்தி வகைகளை அங்கே ஒரு தெரு முழுக்கப் பொரிக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் பூர்வீகம் எட்டயபுரம் பக்கம். கடை ஒன்றில் எண்ணெய்ப்புகை படிந்த ஒரு பழைய நாள்காட்டிப் படம், கண்ணாடி போட்டுச் சுவரில். வேலும் மயிலுமாக முருகன். கன்னத்தில் நிழல், பின்னால் பூங்கா, வானத்தில் மாலை வெளிச்சம். எட்டயபுரத்துக்கு அடுத்த ஊர் கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கொண்டையராஜு அங்கே தங்கி, சீடர்களோடு சேர்ந்து வரைந்த சாமி படங்களைச் சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் அடித்தன. கப்பலேறி இங்கேயும் வந்தன. பார்த்தவுடன் ஆள் போல நிற்கிற சாமி, ஆழம் தெரிகிற பின்புலம் என்ற மேல்நாட்டு ஓவிய முறையை லயத்துப் பிள்ளைகள் முதன்முதலில் கண்டது இந்த நாள்காட்டிகளில்தான். எந்த ஓவியக் குழுவும் எட்டாத சுவர்களை அவை எட்டின. கலை வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம்.

மறுநாள் காலை ஆசிரியர் என்னைக் கூட்டிப்போன இடம்தான் நான் தேடியது. கோப்பேங் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு பாதை. ஒரு காலத்தில் முழுக்கப் பால்மரம். இப்போது ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் வரிசை வீடுகள். லயங்களை இடித்தாகிவிட்டது. கோயில் மட்டும் மிச்சம். பெரிய கோயிலில் கும்பாபிஷேக வேலை நடக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த சுதை வேலைக்காரர்கள் சாரத்தின் மேல் உட்கார்ந்து, கம்பிக்கூட்டில் சிமெண்டை அப்பிக் கரண்டியால் புருவம் இழைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கைகள். ஆனால் ஆசிரியர் என்னை நிறுத்தியது ஓரத்தில் உள்ள முனியாண்டி சன்னதியின் முன்னால்.

உட்சுவரில், ஆள் உயரத்துக்கு ஓர் ஓவியம். முனியாண்டி வெள்ளைக் குதிரையில் வருகிறார். முறுக்கு மீசை, அரிவாள், எல்லாம் நம் ஊரில் பார்த்ததுதான். குதிரைக்குப் பின்னால் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். செங்குத்தாக மூன்று மலைகள். உச்சியில் பச்சை, இடுப்பில் வெள்ளைக் கோடுகள், நடு மலையின் அடியில் கருப்பாக ஒரு குகை வாய். மலைக்கு முன்னால் பச்சை கலந்த நீலத்தில் ஓர் ஈயக் குட்டை. குட்டையின் கரையில், விரல் நீளமே உள்ள ஒரு பெண், தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் வாளி.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வண்ணம் வீட்டுக்கு அடிக்கும் எனாமல். உரிந்த இடங்களில் அடியில் நீலச் சுண்ணாம்புப் பூச்சு தெரிகிறது. மலைக்கும் வானத்துக்கும் நடுவே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நேராக ஓடுகிறது: நூலைக் காவியில் நனைத்துச் சுவரில் தெறிக்கவிட்டுப் போட்ட கோடு, பெயர்ப்பலகை எழுதுபவர்கள் எழுத்து நேராக வரப் போடுவது. குதிரையின் கால்கள் அவ்வளவு சரியில்லை. முன்னங்கால் இரண்டும் ஒரே பக்கத்தில் முளைத்தது போலிருக்கிறது. மலைகள் மட்டும் அச்சு அசல். தினமும் பார்த்தவன் கை. கீழ் மூலையில் 1961 என்று ஆண்டு, பெயர் இல்லை.

வரைந்தவர் தோட்டத்து லோரி டிரைவர் என்றார் ஆசிரியர். தோட்டத்துப் பெயர்ப்பலகைகளை எழுதியவரும் அவரே. ஸ்டோர் கதவுக்கு வாங்கியதில் மிஞ்சிய பச்சையைக் கிராணி கொடுத்தாராம். கூட வந்த அக்கா அந்தச் சின்னப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பு சரியா வளைஞ்சிருக்கு பாருங்க. பால் ரொம்பி இருந்தாத்தான் இப்படி வளையும். காலையில வெட்டப் போறப்ப நேரா இருக்கும்" என்றார். அந்த ஓவியத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது.

அப்துல்லா ஆரிப்பின் ஈயச் சுரங்கத்துக்கும் இந்தச் சுவருக்கும் ஓராண்டுதான் இடைவெளி. அவர் தேர்ந்த ஓவியர், இவர் லோரி ஓட்டியவர். கைத்திறனில் இருவரையும் ஒப்பிட மாட்டேன். ஆனால் செய்தது ஒரே காரியம். நம் தெய்வத்துக்குப் பின்னால் கைலாயத்தையும் பொதிகையையும் வைக்காமல், தான் பால் லோரி ஓட்டிய மண்ணை வைத்திருக்கிறார். இந்த மண் என் மண் என்று ஒரு தோட்டத் தமிழன் அன்றே வண்ணத்தில் சொன்ன சொல் அது. நாடு விடுதலையாகி நான்கே ஆண்டுகள். தோட்டத் தமிழர் பலருக்குக் குடியுரிமைத் தாளே கைக்கு வராத நேரம்.

பின்னால் மற்ற வழிகளும் திறந்தன. அழகன்குளத்தில் பிறந்து சிறுவனாகப் பினாங்கு வந்த சையத் தாஜுதீன் 1960களின் இறுதியில் சென்னை ஓவியக் கல்லூரிக்குப் போனார். ஓவியர் பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அப்போதுதான் நிறுவியிருந்தார்; தனபாலும் முனுசாமியும் சந்தானராஜும் கோடு, கோயில், கிராமம் என்று நம் மரபிலிருந்தே நவீனத்தைக் கட்டிக்கொண்டிருந்த சூடான காலம். திரும்பி வந்து இராமாயணத்தைப் பெரும் பெரும் திரைகளில் வரைந்து மலேசிய ஓவியத்தின் முன்னணிக்கு வந்தார். ரப்பர்த் தோட்டமும் கலைக்கூடத்துக்குள் நுழைந்தது, ஆனால் 1990களில், பினாங்கின் வோங் ஹோய் சியோங் கையால். பால்மரத்தையும் குடியேறிகளையும் பொருளாகக் கொண்டு பெரிய கரிக்கோட்டுச் சித்திரங்கள் வரைந்தார். அவற்றில் ஒன்று பால்மரம் வெட்டுபவர் ஒருவர் பள்ளி ஆசிரியரை மணந்த கதை. அருமையான படைப்புகள். அதற்குள் தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, செம்பனையாகி, வீட்டுமனையாகிக்கொண்டிருந்தன. 1985ல் ஈயச் சந்தையும் விழுந்து கிந்தாவே ஓய்ந்துவிட்டது.

அதனால்தான் 1961ன் அந்தச் சுவர் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்தவர் வரைந்தது. இப்படி எத்தனை சுவர்கள் பேராக்கில் இருந்திருக்கும்! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம். ஒவ்வொன்றிலும் சுரண்டிப் புதுச்சாயம். பக்தியில் குறையொன்றும் இல்லை, கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதும் நியாயம். ஆனால் ஒரு சமூகத்தின் ஓவிய வரலாறு அந்தச் சுரண்டலில் தூளாகிப் போகிறது.

இந்தச் சுவரின் முறையும் வந்துவிட்டது. கோயில் செயலாளர் நல்ல மனிதர். கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார்: பனிமலை, அருவி, பின்னால் பல நிற ஒளி. அதைத்தான் சுதைக்காரர்களைக் கொண்டு வரையப்போகிறார்கள். ஆசிரியர் அவரோடு வாதாடினார். "அண்ணே, பனிமலை எங்க வேணாலும் கெடைக்கும். இந்த மலை இங்கதான் இருக்கு, திரும்பிப் பாருங்க." செயலாளர் திரும்பிப் பார்த்தார். செம்பனைக்கு மேலே அந்த மலைகள் நின்றன. ஒன்றின் விலாவைக் கல்லுடைப்புக்காரர்கள் வெட்டி, வெள்ளையாகப் பெரிய காயம். சுவரில் உள்ள மலையில் அந்தக் காயம் இல்லை. "ஓவியம் உரிஞ்சு போச்சே தம்பி, சாமி இருக்கிற இடம் இப்படிக் கெடக்கலாமா?" என்றார். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். சாரத்திலிருந்து இறங்கி வந்த சுதைக்காரர் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பூச்சு இன்னும் பிடிப்பாகத்தான் இருக்கிறது, தண்ணீர் இறங்குவது மேல் தகரத்தால், தகரத்தை மாற்றினால் நிற்கும் என்றார். புதுப் படத்தை எதிர்ச் சுவரில் எழுதலாம் என்பதும் அவர் சொன்ன யோசனையே.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் வைக்கிறேன், எழுதிக் கொடுங்கள் என்றார் செயலாளர். அன்றிரவு ஆசிரியர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். சுவரின் நீள அகலம், எனாமல், நூல் கோடு, 1961, லோரி டிரைவர், கிராணி கொடுத்த பச்சை, காண்டாக் கம்பின் வளைவு பற்றி அக்கா சொன்னது, தகரம் மாற்ற சுதைக்காரர் சொன்ன செலவு. ஆசிரியர் ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்தி, கீழே தன் பெயரை எழுதினார். அக்கா தன் பெயரையும் போடச் சொன்னார்: "நான் அந்த மரத்தையெல்லாம் வெட்டுனவதானே."